காருக்குப் பெரிய டயர் போடலாமா?

ஓடுகிற காரின் டயர் வெடித்தால் குற்றம் யாருடையது?

"அது கடவுள் செயல்" என்று வாதாடியது ஓர் இன்சூரன்சு கம்பெனி. "கடவுள் செயல் அல்ல. மனிதனின் கவனக்குறைவு" என்று மும்பை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது.

வழக்கு பழையது. 2010-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி புனேயில் இருந்து மும்பைக்கு ஒரு கார் போனது. கூட வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து போனார்கள். வழியில் பின் டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் உருண்டது. அதில் இருந்த ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவருடைய சம்பாத்தியத்தை நம்பித்தான் மனைவியும், சிறு பெண்ணும், வயதான தாய் தகப்பனாரும் இருந்தார்கள்.

மோட்டார் விபத்து நஷ்டஈடு கோர்ட்டு 2016-ம் ஆண்டில் அந்தக் குடும்பத்துக்குச் சுமார் 1 1/4 கோடி ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. கம்பெனி அப்பீல் செய்தது. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அப்பீல் தள்ளுபடி ஆகிவிட்டது.

தீர்ப்பில் ஐகோர்ட்டு என்ன சொன்னது? பூகம்பம், வெள்ளம் போல மனிதன் கையில் இல்லாததுதான் கடவுள் செயல். டயர் அப்படி அல்ல. அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினால் வெடிக்கும். காற்று குறைந்தாலும் வெடிக்கும், கூடினாலும் வெடிக்கும். பழைய டயரைப் போட்டாலும் வெடிக்கும். புறப்படும் முன்பு டயரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆக, "டயர் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், நான் ஓட்டினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. எந்த டயரைப் போடுகிறோம் என்பது சொந்தக்காரரின் தலையில் வந்து விழுகிறது. இந்த நிலையில்தான் ஊருக்கு ஊர் ஒரு புது மோகம் பரவி இருக்கிறது. காருக்குக் கம்பெனி கொடுத்த அளவை விட்டுவிட்டு, பெரிய டயர் போடுகிற மோகம்!

"ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க, சார்!"

டயர் தேய்ந்துவிட்டது. கடைக்குப் போகிறார் குடும்பத் தலைவர். கடைக்காரர் காரைச் சுற்றி வந்து பார்க்கிறார்.

"சார், இந்த வண்டிக்கு இந்த டயர் சின்னது. ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க. ரோட்டை நல்லாப் பிடிக்கும். வண்டியும் கம்பீரமா நிக்கும்" என்கிறார்.

கம்பீரம் யாருக்குத்தான் பிடிக்காது? பின் சீட்டில் இருக்கும் பையனும் "போடுங்கப்பா" என்கிறான். வேலை முடிந்துவிடுகிறது.

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அகலமான டயர், காய்ந்த ரோட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கத்தான் செய்யும். மீதிப் பாதியை அவர் சொல்வதில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

ஒரு கார் ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு டயருக்கு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை! ஆயிரம் கிலோ இரும்பும், அதற்குள் இருக்கும் குடும்பமும் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுகின்றன. பிரேக் பிடிப்பதும், திரும்புவதும், மழைத் தண்ணீரில் வழுக்காமல் நிற்பதும் அங்கேதான். காரைத் தயாரிக்கிற கம்பெனி, இன்ன அளவு டயர் என்று தீர்மானித்துவிட்டுத்தான் பிரேக்கையும், ஸ்டீரிங்கையும், ஸ்பிரிங்கையும் அதற்குத் தக்கபடி அமைக்கிறது.

டயரில் எழுதி இருக்கும் ஜாதகம்

டயரின் பக்கச் சுவரில் எண்ணும் எழுத்துமாக ஏதோ அச்சாகி இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அதுதான் டயரின் ஜாதகம். அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

உதாரணமாக, 185/65 ஆர் 15 என்று இருக்கிறது. அதை அடுத்து 88 எச் என்று இருக்கிறது.

185 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு. 65 என்பது உயரம். ஆனால் அது மில்லி மீட்டர் அல்ல. அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு உயரம் என்று அர்த்தம். ஆர் என்ற ஆங்கில எழுத்து "ரேடியல்" என்ற வகையைக் குறிக்கும். இன்று கார்களுக்கு வருவதெல்லாம் அந்த வகைதான். 15 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு. இது மட்டும் அங்குலக் கணக்கு! ஒரே வரியில் மில்லி மீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பம் உலகம் பூராவும் ஒரே மாதிரி என்பதுதான் ஆறுதல்.

88 என்பது பாரக் குறியீடு. அந்த எண்ணுக்கு 560 கிலோ என்று பட்டியலில் இருக்கிறது. அதாவது அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். இதுவே 82 என்று இருந்தால் 475 கிலோதான் தாங்கும். எச் என்பது வேகக் குறி. மணிக்கு 210 கிலோ மீட்டர் வரை அந்த டயர் தாங்கும் என்று அர்த்தம். அவ்வளவு வேகத்தில் போகச் சொல்லி அல்ல!

புது டயர் வாங்கும்போது பாரக் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. வேகக் குறியும் தாழ்ந்துவிடக் கூடாது. விலை மலிவாக இருக்கிறது என்று 88-க்குப் பதில் 82 வாங்கி மாட்டி, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் கோடையில் பழனிக்குப் புறப்பட்டால், வெயிலும் பாரமும் சேர்ந்து டயரைச் சோதிக்கும்.

இன்னொரு எண் உண்டு. ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ரப்பருக்கு வயது உண்டு. ஓடாமல் கிடந்தாலும் அது இறுகும், வெடிப்பு விடும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. "புது டயர்" என்று விற்பது, கடையின் மூலையில் நான்கு வருஷம் தூங்கிய டயராகவும் இருக்கலாம். இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

சரியான அளவு எது?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், ஓரத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும், எத்தனை பாயிண்டு காற்று என்பதும் அதில் இருக்கும். காருடன் கொடுத்த புத்தகத்திலும் இருக்கும்.

சில கார்களுக்குக் கம்பெனியே இரண்டு அளவு கொடுத்திருக்கிறது. மாருதி ஸ்விப்டு காரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வண்டிக்கு 165/80 ஆர் 14. விலை கூடிய வண்டிக்கு 185/65 ஆர் 15. முதல் டயரின் முழு உயரம் சுமார் 620 மில்லி மீட்டர். இரண்டாவது சுமார் 621 1/2. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ரிம் பெரிதாகி இருக்கிறது. அதற்குத் தக்கபடி ரப்பரின் உயரம் குறைந்திருக்கிறது. மொத்தச் சக்கரம் மாறவில்லை. விலை குறைந்த வண்டி வைத்திருப்பவர் ஆசைப்பட்டால், அதே மாடலின் விலை கூடிய வண்டிக்குக் கம்பெனி கொடுக்கும் ரிம்மையும் டயரையும் சேர்த்து மாட்டிக்கொள்வது பெரிய விபரீதம் அல்ல. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

ஆனால் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, அதே 15 அங்குல ரிம்மில் 205/65 டயரைப் போட்டால்? உயரம் சுமார் 647 1/2 மில்லி மீட்டர் ஆகிவிடும். நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் கூடுதல்.

இதனால் என்ன ஆகும்? சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் கார் தன் வேகத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். காருக்கு அது தெரியாது. மானி பழையபடி 100 என்று காட்டினால், பழைய கணக்கில் 100 ஆக இருந்தது இப்போது 104. பொதுவாகக் கார் மானிகள் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. அந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. வேகக் காமிராவில் சிக்கி அபராதச் சீட்டு வந்த பிறகு, "மானி அப்படிக் காட்டவில்லையே" என்றால் யார் கேட்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய டயர் போட்டவர்கள் "மைலேஜ் ரொம்பக் குறைந்துவிட்டது" என்று புலம்புவார்கள். கொஞ்சம் குறைவது நிஜம். பெரிய சக்கரத்தைச் சுழற்ற என்ஜின் கூடுதலாகப் பாடுபட வேண்டும். ஆனால் மற்றொரு பங்கு வெறும் கணக்குப் பிசகு. கார் 100 கிலோ மீட்டர் ஓடியிருக்கும். மீட்டர் 96 என்று காட்டும்!

மற்றத் தொல்லைகள் வேடிக்கை அல்ல. ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசும். நாலு பேர் ஏறி, பள்ளத்தில் இறங்கினாலும் உரசும். உரசி உரசிப் பக்கச் சுவர் அறுபடும். பழைய ரிம் அகலம் போதாமல் டயர் பிதுங்கி நிற்கும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்குக் கூடுதல் வேலை.

இதற்கு நேர் எதிரான மோகமும் உண்டு. பெரிய ரிம், அதன்மேல் நாடா போல மெல்லிய டயர். படத்தில் பார்க்க அழகுதான். நம் ஊர் ரோட்டுக் குழியில் ஒரு முறை இறங்கினால், இடியைத் தாங்க அங்கே ரப்பர் இல்லை. ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் கிளம்பிய டயரை ஒட்ட முடியாது. கழற்றி எறிய வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் குழப்பம். கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "ஜெயில்!" என்பார். இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவுதான் அடிப்படை. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி, சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. "தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக" என்ற கண்டிப்பு 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கண்டிப்பை உறுதிப்படுத்தியது. அது டயர் வழக்கு அல்ல. வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எல்லா மாற்றங்கள் மீதும் அதிகாரிகளின் பார்வை கூர்மையாகிவிட்டது.

அதே 2019-ம் ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு எழுதிவைத்தது.

அப்படியானால் பெரிய டயர் போட்டவர் எல்லாம் குற்றவாளியா?

உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகக் கார் என்றால் அதில் டயர் அளவு இருக்காது. ரிஜிஸ்டர் செய்யும் விண்ணப்பத்தில், டயரின் எண்ணிக்கையும் அளவும் கேட்கப்படுவது லாரி, பஸ் போன்ற வண்டிகளுக்குத்தான். ஆகவே லாரி, பஸ் சொந்தக்காரருக்குச் சந்தேகமே இல்லை. அளவை மாற்றினால் பதிவு விவரமே மாறிவிடுகிறது. எப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பிடித்துவிடுவார்.

வெள்ளைப் போர்டுக் காரின் கதை வேறு. 52-வது பிரிவின் விளக்கத்தில், "மாற்றம்" என்றால் வண்டியின் அமைப்பில், அதன் அடிப்படைத் தன்மையே மாறும்படி செய்வது என்று இருக்கிறது. அரை அங்குலம் அகலமான டயர் அடிப்படைத் தன்மையை மாற்றுகிறதா? மாற்றவில்லை என்று வாதாட இடம் உண்டு. ஆனால் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயரையும், வண்டியையே தூக்கி நிறுத்தும் ராட்சத டயரையும் வைத்துக்கொண்டு அப்படி வாதாட முடியாது. சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு அது கண்ணை உறுத்தும். நூற்றுக்கு மூன்று பங்கு வித்தியாசம் வரை பரவாயில்லை என்று டயர் வியாபாரிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தொழில் வழக்கம், சட்டம் அல்ல. அதைச் சட்டம் போலச் சொல்லி விற்பது சரி அல்ல.

ஜெர்மனியில் இந்த வழவழா கொழகொழா கிடையாது. வண்டிக்கு அனுமதி பெறாத அளவில் டயரோ ரிம்மோ போட்டால், நிபுணரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வண்டி ஓட்டும் அனுமதியே ரத்தாகிவிடலாம். நம் நாட்டிலும், எந்தக் காருக்கு எந்தெந்த அளவு செல்லும் என்று பட்டியல் போட்டு, ஆர்.சி. புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் என்ன? கடைக்காரருக்கும் தெளிவு, போலீசாருக்கும் தெளிவு.

கோர்ட்டைவிட முதலில் வந்து நிற்பது இன்சூரன்சு. வண்டியில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. தெரிவிக்காமல் பெரிய டயர் போட்டு, பிறகு விபத்து நடந்தால், கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் டயரைத்தான் பார்ப்பார். "விபத்துக்கு இதுவும் காரணம்" என்று எழுதினால், உங்கள் காருக்கு வர வேண்டிய தொகை தகராறில் மாட்டிக்கொள்ளும்.

மொட்டை டயருக்குச் சந்தேகமே இல்லை

அளவு விஷயத்தில் வாதாட இடம் உண்டு. தேய்ந்த டயருக்கு அந்த இடமும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 94 கண்டிப்பாகச் சொல்கிறது: கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லி மீட்டர்.

அளக்க அடிக்கோல் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது. அந்தப் பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. மழையில் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது அவைதான். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். மிதக்கும் காருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டீரிங்கும் இல்லை.

வாங்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2009-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு உத்தரவு அதைக் கட்டாயம் ஆக்கியது. பாதி விலையில் கிடைக்கிறது என்று யாரோ கழற்றிப் போட்ட பழைய டயரை வாங்குவது ஆபத்து. அது எந்தப் பள்ளத்தில் விழுந்தது, எத்தனை நாள் காற்று இல்லாமல் ஓடியது என்பது வெளியே தெரியாது. உள் கம்பி அறுந்திருந்தாலும் மேலே கறுப்பு மை பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், புது டயரை எங்கே போடுவது? முன்னால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்ஜினும் ஸ்டீரிங்கும் முன்னால்தானே இருக்கின்றன! ஆனால் டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. காரணம் இதுதான்: ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும். அதைச் சமாளிக்கப் பந்தய வீரனுக்குத்தான் முடியும். எப்படிப் போட்டாலும் ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக இருக்க வேண்டும்.

ஸ்டெப்னி விஷயம் ஒன்று. இந்தப் பெயர் வந்தது இங்கிலாந்துக்கு அடுத்த வேல்ஸ் நாட்டில் உள்ள ஒரு தெருவின் பெயரில் இருந்து! 1904-ம் ஆண்டில் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே பெயர் மறந்துபோயிற்று. நம் ஊரில் நிலைத்துவிட்டது. இப்போது பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கு டயரைவிடச் சிறிய அளவில் வருகிறது. அது கம்பெனியே அனுமதி பெற்றுக் கொடுப்பது. ஆனால் அதன்மேல் "80 கிலோ மீட்டருக்கு மேல் போகாதே" என்று எழுதி இருக்கும். பஞ்சர் கடை வரைக்கும்தான் அது. அதையே மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள டியூப் இல்லாத டயர் கார்களுக்கு ஸ்டெப்னியே தேவை இல்லை என்று 2020-ம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது.

காற்று பிடிக்கும்போது டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. ஓடிச் சூடேறும் முன்பு, காலையிலேயே பார்க்க வேண்டும். நைட்ரஜன் காற்று என்று தனிக் காசு கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

கடைசியில் பில். டயரின் முழு அளவையும், அந்த நான்கு இலக்கத் தேதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "பெரிய சைஸ் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால், அதையும் அதே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய அளவு டயரே உள்ளே இருந்து உருண்டு வரும்.